கோயிலாழ்வார் கதவின் ஆறாவது திருகாணி

இதை எழுதி வைக்க வேண்டும் என்று பேனாவை எடுத்ததும், பிறகு மூடி வைத்ததும் எத்தனை தடவை என்று பெருமாளுக்குத்தான் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு எங்கே எழுத்து வரும் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு. எங்கள் குடும்பத்தில் கல்யாணம், சீமந்தம் என்று நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அதில் ஒரே ஒரு இடத்தில் பிசகு இருக்கிறது. அந்தப் பிசகுக்குக் காரணம் நான். எல்லோரும் சிரித்துக்கொண்டு கேட்கும்போது நடுவில் புகுந்து எப்படித் திருத்துவது? வாயை மூடிக்கொண்டே இருந்ததில் வயது அறுபதைத் தொட்டுவிட்டது. இனியும் தள்ளினால் தப்பு.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் நாலாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் எங்கள் குடித்தனம். அப்பாவுக்கு ஜங்ஷனில் ரயிலில் வரும் தபாலைப் பிரித்து அடுக்குகிற வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்றே பேர். நான்காவதாக, இல்லை, முதலாவதாக, பெருமாள்.

எங்களவர் வீடுகளில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரமாடத்துக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். எங்களுடையது தேக்கு. தாத்தா காலத்தது. சுவரோடு பதித்த சின்ன அலமாரி மாதிரி இருக்கும். ஒற்றைக் கதவு, அதில் சங்கும் சக்கரமும் செதுக்கியிருக்கும். கதவின் இடது பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு பித்தளைக் கீல்கள். கீலுக்கு மூன்றாகக் கதவில் ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையும் துவரம்பருப்பு அளவுதான். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் சாளக்கிராமப் பெருமாள். அவருக்குத் தினமும் திருமஞ்சனம் செய்து, சமைத்த தளிகையைக் காட்டிவிட்டுத்தான் நாங்கள் வாயில் எதையும் வைப்போம். மற்ற வீடுகளில் காபிக்கு மட்டும் சலுகை உண்டு. எங்கள் அப்பாவிடம் அதுவும் கிடையாது. ஒருமுறை குரங்கு வந்து வாழைப்பழத்தோடு வெள்ளி வட்டிலையும் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து கதவில் பூட்டுப் பதித்து, சாவியைப் பூணூலில் கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கீல்களை அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள். பித்தளை பளபளவென்று சிரிக்கும். பிறகு கதவுக்குச் சந்தனம் குங்குமம் இடுவது என் வேலை. அந்த ஆறு திருகாணித் தலைகளும் பொட்டில்லாத நெற்றி மாதிரி மொழுக்கென்று இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்மா, "அழகா இருக்குடி" என்றாள். அப்பாகூடத் தலையை ஆட்டினார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா குளித்து, திருமண் இட்டு, சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். சாவியின் தலை அவர் கையில். உடம்பு பூட்டுக்குள்.

சமையலறையில் தளிகை தயாராக இருந்தது. சாதம், சாத்தமுது, கத்தரிக்காய்க் கறியமுது. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் இலை போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தே விட்டேன்.

பக்கத்து அகத்து மாமி எட்டிப் பார்த்து, "தச்சனைக் கூப்பிட்டு உளியால ஒரு போடு போட்டா திறந்துக்குமே" என்றாள்.

"பெருமாள் கதவுல உளி வெக்கறதா? சங்கு சக்கரம் இருக்கே, மாமி!" என்று அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப குழந்தையாவது கோயிலுக்குப் போய் பிரசாதம் வாங்கிச் சாப்பிடட்டுமே."

"நம்மாத்துல ஒருத்தர் பட்டினியா உள்ளே இருக்கச்சே, அங்கே போய் ரங்கன் முன்னால எப்படி நிக்கறது? 'உன் ஆத்துல என்னை அடைச்சு வெச்சுட்டு, இங்கே வந்து புளியோதரை கேக்கறியா'ன்னு அவர் கேட்டா என்ன பதில் சொல்றது?"

மாமி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குப் பதில் என் வயிற்றிடம் இருந்தது. ஆனால் அதை யார் கேட்டார்கள்?

கீலைக் கழற்றினால் கதவு தானே வந்துவிடும் என்று அப்பாவுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வீட்டில் திருகாணி கழற்றுகிற திருப்புளி கிடையாது. காய் நறுக்குகிற கத்தியின் முனையை மேல் கீலின் முதல் திருகாணியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கத்தி வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. நாலாவது தடவை திருகாணியின் வாய் கிழிந்து, பிளவு இருந்த இடம் குழியாகிவிட்டது. "ஒண்ணு போனா என்ன" என்று அதற்குக் கீழே இருந்ததையும் பிடித்தார். அதுவும் போயிற்று. மூன்றாவதில் கத்தியை வைக்கும்போது அம்மா, "போதுமே, மீதி நாலுமாவது முகத்தோட இருக்கட்டும்" என்றாள்.

அம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட வெளுத்துப் போயிருந்தாள். பேச்சும் குறைவு. பசி என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் என் மாமா ஞாபகம் வந்தார். அம்மாவின் தம்பி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா "ஒரு நிமிஷம் கேளுங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள், அப்பா பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இரண்டு பேரும் வந்து சேரப் பத்தரை ஆயிற்று. மாமா கையில் கனமான மஞ்சள் பை. வாசற்படி வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னடா நிக்கறே? வா."

"எப்படி அத்திம்பேர் வர்றது? ஆத்துல பொண்ணு பொறந்து ஆறு நாள்தானே ஆறது? தீட்டோட பெருமாள் கதவைத் தொடலாமா? அக்கா சொல்லியிருப்பா, நீங்க எதாவது வழி வெச்சிருப்பேள்னு நினைச்சேன்."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அம்மா உள்ளேயிருந்து, "அதைச் சொல்லத்தான் ஒரு நிமிஷம்னேன்" என்றாள்.

"அப்போ நான் இவனோட தோளோட தோள் இடிச்சுண்டு பஸ்ல வந்தது?"

"குளிக்கணும். கிணத்துல தண்ணி இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா மறுபடி குளித்தார். மாமா பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை தாண்டிக் கூடத்துக் கோயிலாழ்வார் நேராகத் தெரியும். வேலை தெரிந்தவர் தொடக் கூடாது, தொடலாம் என்கிற அப்பாவுக்கு வேலை தெரியாது. நடுவில் ஈர வேட்டியோடு நின்று அப்பா முழித்தார்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கல்யாணமாகி வேற கோத்திரத்துக்கு வந்துட்டேன், எனக்குத்தான் அந்தத் தீட்டு இல்லையே. நான் பண்றேன். அவன் அங்கேர்ந்து சொல்லட்டும்."

"நீயா? இன்னிக்கா?" என்றார் அப்பா. அந்த 'இன்னிக்கா' எனக்கு அப்போது புரியவில்லை.

கிணற்றடியிலிருந்து மாமா கத்தினார்: "அக்கா! முதல்ல அந்தத் தலையெல்லாம் எப்படி இருக்குன்னு சொல்லு. பிளவு தெரியறதா?"

"எங்கேடா தெரியறது? சந்தனம் கெட்டியா அடைச்சுண்டிருக்கு. மேலே குங்குமம்."

மாமா கல்லைவிட்டு எழுந்தே விட்டார். "ஸ்குருவுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன்.

"சரி, சுமங்கலி ஸ்குரு, கெட்டியா பிடிச்சுண்டிருக்கும்" என்றார் மாமா. "பித்தளைக் கீல்ல எவனோ இரும்பு ஸ்குரு போட்டிருக்கான். வாராவாரம் புளி வேற குடுத்திருக்கேள். துரு ஏறாம என்ன பண்ணும்? அக்கா, ஊக்கு இருக்கா?"

அம்மாவின் வளையலில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றி, ஒவ்வொரு பிளவாகச் சுரண்டினாள். இரண்டு வருஷச் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தோட்டின் திருகு அழுக்கில் இறுகிக்கொண்டால் அம்மா இப்படித்தான் சுரண்டி எடுப்பாள். அதைப் பார்த்த எனக்கு, இவளுக்கு இது புது வேலை இல்லை என்று தைரியம் வந்தது.

அடுத்து மாமா கேட்டது மண்ணெண்ணெய். அப்பா குதித்தார். "பெருமாள் மேல கிருஷ்ணாயிலா! நல்லெண்ணெய் விடட்டும்."

"நல்லெண்ணெய் விட்டா பிசினாப் போய் இன்னும் இறுகும். பூமியிலேர்ந்து வர்ற எண்ணெய்தானே, பூமிப் பிராட்டி சீதனம்னு நினைச்சுக்கோங்கோ."

தாயார் பேரைச் சொன்னதும் அப்பா அடங்கினார். அம்மா விளக்குத் திரியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தலையிலும் ஒரு சொட்டு வைத்தாள்.

அது ஊறுகிற நேரத்தில் மாமா தன் வேலையைப் பார்த்தார். அவரிடம் இருந்த சின்னத் திருப்புளியே இந்தப் பிளவுக்குத் தடிமன். ஒரு ஈர்க்குச்சியைப் பிளவில் நிற்கிற அளவுக்குச் சீவிப் போடச் சொன்னார். அம்மா சீவி, அது பிளவில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, கொல்லைப் பக்கம் எறிந்தாள். அந்த அளவுக்கு மாமா திருப்புளியின் முனையை அரத்தால் ராவினார். கர்க், கர்க் என்று பத்து நிமிஷம். "வாயும் முனையும் ஒண்ணோட ஒண்ணு சேரணும், அத்திம்பேர். நீங்க கத்தியை வெச்சது யானை வாயில ஊசி வெச்ச மாதிரி."

"உன் யானையும் ஊசியும் இருக்கட்டும். திருப்புளியைத் தீட்டோட எப்படி உள்ளே கொண்டுபோறது?"

மாமா பதில் சொல்லாமல் திருப்புளியைக் கிணற்று வாளித் தண்ணீரில் போட்டார். சுத்தி, குறடு எல்லாம் தொபுக் தொபுக்கென்று அதற்குள் போயின. அப்பா எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுபோனார். அன்று எங்கள் வீட்டில் திருப்புளியும் குளித்தது. நான் ஒரு தடவையோடு தப்பித்தேன்.

"அக்கா, எடுத்ததும் கழட்டாதே. முதல்ல ஒரு மயிரிழை இறுக்கற பக்கம் திருப்பு. துரு உடையும். அப்புறம் கழட்டற பக்கம். திருப்பறதுல பலம் வேண்டாம். அழுத்தறதுல பலம் வெய்."

"சேவை பிழியற நாழியை அழுத்தற மாதிரியா?"

"அதேதான்! பலமெல்லாம் அழுத்தறதுலயே போகட்டும்."

அம்மா இரண்டு கையாலும் திருப்புளியைப் பிடித்து, தோள்பட்டையை அதன் மேல் சாய்த்தாள். சேவை பிழியும்போது அவளுக்கு வருகிற அந்த முகம் வந்தது. கீச்சென்று ஒரு சத்தம். திருகாணி அசைந்தது. நான் கத்திவிட்டேன். கொல்லையிலிருந்து மாமா என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். முகம் கிழியாத நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் அப்பா பித்தளைத் தட்டில் வாங்கி வைத்தார், புஷ்பம் வாங்குவது போல.

ஐந்தாவது, அப்பா கிழித்ததில் ஒன்று. மாமா பையிலிருந்த சைக்கிள் ட்யூபில் நகம் அளவு ரப்பரை வெட்டி வாளியில் போட்டார். அதைக் குழியின் மேல் வைத்துத் திருப்புளியை அழுத்தினால் ரப்பர் பிடித்துக்கொள்ளும் என்றார். அம்மா அழுத்தினாள். மூன்று முறை வழுக்கியது. நாலாவது முறை வந்தது. அத்தோடு அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டரை இருக்கும். கறியமுது ஆறிப்போயிருந்தது. காலையிலிருந்து நான் மூன்று தடவை அழுதிருக்கிறேன். மூன்று தடவையும் அப்பா, "பெருமாள் பசி பெரிசா, உன் பசி பெரிசா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அப்படிப்பட்ட அப்பா இப்போது தானே சமையலறைக்குள் போனார். வெள்ளி டம்ளரில் பாலை ஊற்றி, என் கையில் கொடுத்தார்.

"நான் குடுத்தா வாங்க மாட்டா. நீ போய்க் குடு. குடிக்கலேன்னா உடனே வந்து சொல்லு. கதவை உடைச்சுடலாம்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பெருமாள் சாப்பிடுவதற்கு முன்னால் பாலா? சங்கு சக்கரக் கதவை உடைப்பதா? நான் அழுதபோது வராத இரக்கம் அம்மா உட்கார்ந்ததும் எங்கேயிருந்து வந்தது? எனக்கு ஆங்காரமாக வந்தது.

அம்மாவிடம் நீட்டினேன். கண்ணைத் திறக்காமல், "ஒரே ஒரு ஆணிதான். அவர் சாப்பிட்டப்புறம் குடிக்கறேன். அங்கே வை" என்றாள்.

நான் வைக்கவில்லை. நெல் குதிருக்குப் பின்னால் போனேன். முழு டம்ளரும் என் வயிற்றுக்குள் போயிற்று. அத்தனை ருசியான பாலை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. அதைச் சொல்வதற்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா வழியில் நின்றிருந்தார். "குடிச்சாளா?"

"குடிச்சுட்டாப்பா."

கதவை உடைத்துவிடுவாரே என்று பயந்து பொய் சொன்னேன் என்று பல வருஷம் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நிஜத்தில் டம்ளர் காலியாக இருந்ததால் சொன்னேன். அப்பாவின் முகத்தில் இருந்த கவலை அப்படியே இறங்கியது. கொல்லையைப் பார்த்து, "கடைசி ஒண்ணுக்கு வழி சொல்லுடா. உடைக்க வேண்டாம்" என்றார்.

கடைசித் திருகாணி ரப்பருக்கும் மசியவில்லை. மாமா உடைந்த அரம் ஒன்றின் வாலை எடுத்து, கீழே கூராகவும் மேலே போகப் போகப் பருமனாகவும் நாலு பட்டையாக ராவினார். அதுவும் வாளியில் குளித்தது. அதைத் திருகாணியின் குழியில் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். நாலு பட்டையும் இரும்பைக் கவ்விக்கொண்டதும் குறடால் பிடித்துத் திருக வேண்டும்.

அம்மா எழுந்தாள். அப்பா, "பால் குடிச்சயோன்னோ, இப்போ தெம்பா இருக்கும்" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அப்படியே நின்றேன். கிட்ட வந்து, கட்டைவிரலால் என் மேலுதட்டை ஒரு துடை துடைத்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியதைப் புடவையில் தேய்த்துக்கொண்டாள்.

"ம். தெம்பா இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

டக், டக், டக். நாலு பட்டை இறங்கியது. குறடால் பிடித்தாள். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. பிறகு தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கழற்றுகிற பக்கம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நாராயண, நாராயண என்றார். கொல்லையில் மாமா கல்லின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

கிரீச்.

"வந்துடுத்து!" என்று அம்மா சொன்னது வீதிக்கே கேட்டிருக்கும். அப்பா கதவை இடது பக்கம் மெல்ல விலக்கி இழுக்க, பூட்டிலிருந்து அது தானாக உருவிக்கொண்டு வந்தது. உள்ளே முந்தைய நாள் துளசியோடு, ஒன்றுமே நடக்காதது போலப் பெருமாள். அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாமா கிணற்றடியிலேயே விழுந்தார். பக்கத்து அகத்து மாமி ஓடிவந்து சேவித்துவிட்டு, "ஏண்டி, சேவை பிழியற கையா இது!" என்று அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திருமஞ்சனம் ஆகி, ஆறிய தளிகையைக் காட்டி, நாங்கள் இலையில் உட்காரும்போது மணி இரண்டு. மாமாவுக்குக் கொல்லையிலேயே இலை. "அக்கா, பொன்மலையில எங்க சார்ஜ்மேன்ட்ட சொல்லி உன்னைச் சேத்துவிடறேன். அத்திம்பேர் வேணும்னா ஆத்துல சமைக்கட்டும்" என்றார். அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். அம்மாவின் இலையில் தயிரைத் தன் கையாலேயே இரண்டு கரண்டி போட்டார். அடுத்த வாரம் பித்தளைத் திருகாணி ஆறு வாங்கி வந்தார். நான் பொட்டைத் திருகாணிக்கு ஒரு விரல் தள்ளி மரத்தில் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து எனக்குத் தம்பி பிறந்தான். பிள்ளைகள் கோயில் யானை கொண்டுவந்து விட்டுப் போகிறது என்று நம்புகிற வயது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி மசக்கையில் படுத்திருந்தபோது, அம்மா அதே வெள்ளி டம்ளரில் பால் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினேன். அவள் சிரித்தாள்.

"குதிருக்குப் பின்னால போய்தான் குடிப்பியா?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "உன் தம்பி அன்னிக்கு மூணு மாசம். அதான் அப்பா அப்படித் தவிச்சார். நீ வேற அழுது அழுது முகம் சுண்டிப்போயிருந்தே. யாராவது ஒரு குழந்தை வயித்துலயாவது பால் போச்சேன்னு நினைச்சுண்டேன்."

ஆக, என் மேலுதட்டைத் துடைத்த அந்த விரல் என்னைக் கண்டுபிடித்துவிட்டது என்று மட்டும்தான் அன்று நான் நினைத்தேன். அது மன்னித்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் பெருமாள், அப்பா, அம்மா என்று மூன்று பேர் பட்டினி என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். நாலாவதாக ஒருவன், அந்த ஆறாவது திருகாணி கழன்று வருகிறவரைக்கும், யாருக்கும் தெரியாமல் அவளோடு சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் கதை சொல்கிறவர்கள், 'பாலைக் குடித்தாள், பலம் வந்தது, கதவு திறந்தது' என்கிறார்கள். என் தம்பியே அப்படித்தான் சொல்கிறான். படிக்கிறவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். திருப்புளி குளித்ததைச் சொல்லிச் சிரிக்கட்டும். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாலை நான்தான் குடித்தேன். அம்மா வெறும் வயிற்றோடுதான் பெருமாள் கதவைத் திறந்தாள்.